வாழையிலையில் திரும்பிய கை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்ட. ஒரு கை திரும்பிய கதை சொல்கிறேன். கேட்டு முடிப்பதற்குள் உங்கள் கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வீர்கள்.

ஜப்பான்காரன் காலம், நாற்பத்து மூன்று. பிரிக்பீல்ட்ஸில் லத்தீஃபாவின் துணிக்கடையில் விற்கத் துணியே இல்லை. கப்பல் வந்தால்தானே துணி வரும்? துணியில் அச்சுப் பதிக்கும் குடும்பத்தில் பிறந்தவள் அவள். சும்மா இருக்க மாட்டாமல், அந்தச் சித்திரை வெயிலில் கடை மாடியைப் பெருக்கிப் பாய் விரித்தாள். "அச்சு வெட்டக் கத்துக்க வர்றீங்களா?" என்று தெருப் பெண்களைக் கூப்பிட்டாள். ஆறு பேர் போனார்கள். செருப்புக்கு வெட்டும் தடித்த ரப்பர் அட்டைதான் பலகை. தீட்டிய குடைக்கம்பிதான் உளி. விளக்குக்கரியைக் காய்ச்சிய எண்ணெயில் குழைத்தால் மை. கடைக் கணக்கேட்டில் எழுதாத பக்கங்கள்தான் தாள். அச்சின்மேல் தாளை வைத்து அகப்பையின் முதுகால் தேய்த்தால் படம் இறங்கும்.

ஆறு பேரில் கெட்டிக்காரி தனலெட்சுமி. அது அவளுக்கும் தெரியும்.

அவள் தங்கை புஷ்பவல்லிக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை பார்த்து, வைகாசியில் நாள் குறித்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா மாரியாயி லேசுப்பட்டவள் இல்லை.

"பத்திரிகை இல்லாம எப்படி? என் சனத்த வாய்வார்த்தையாவா கூப்பிடுறது? சரியா அமையலன்னா தேதியத் தள்ளி வச்சிருவேன்."

அந்த நாளில் தேதியைத் தள்ளுவது விளையாட்டில்லை. சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் வலுக்கட்டாயமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் யார் எங்கே இருப்பார்கள் என்று எவருக்கும் தெரியாது. அச்சகத்திலோ மையும் இல்லை, தாளும் இல்லை.

"நான் அடிச்சுத் தர்றேன் அத்தை. கிள்ளான்ல ஒருத்தரும் இப்படிப் பாத்திருக்க மாட்டாங்க" என்றாள் தனம்.

"பாப்போம். வெள்ளிக்கிழமை மத்தியான ரயிலுக்கு நானே வந்து வாங்கிக்கிறேன்."

வெற்றிலை பாக்கு நீட்டி அழைக்கும் ஒரு பெண்ணை நான்கு நாள் குனிந்து வெட்டினாள் தனம். சேலைக் கரையில் புள்ளி, காதில் தோடு, எல்லாம் அச்சாக இருந்தது. லத்தீஃபா முதல் நாளே எல்லோருக்கும் சொல்லியிருந்தாள்: "இடவலம் மாறித்தான் விழும். கண்ணாடியில பாத்து வெட்டுங்க." தனம் சிரித்துவிட்டாள். "எழுத்தப் பேனாவுல எழுதப்போறேன்க்கா. வெறும் படத்துக்குக் கண்ணாடி எதுக்கு லா?"

வெள்ளிக்கிழமை காலையில் முதல் தாளை உரித்தாள். மாடியே கூடி நின்றது.

"அழகாத்தான் இருக்கா," என்றாள் பக்கத்தில் நின்ற இராஜம்மா. "ஆனா இடது கையால வெத்தல நீட்டுறாளேடி! மாரியாயி அம்மா இதப் பாத்தா உன்னையும் சேத்துச் சுருட்டி மென்னுருவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. முந்தானைகூட வலது தோளில் கிடந்தது. புதிதாக வெட்ட இன்னும் நான்கு நாள் வேண்டும். ரயில் வர நான்கு மணி நேரம்தான் இருந்தது.

தனம் அழவில்லை. ஈரம் காயாத அந்தத் தாளின்மேல் இன்னொரு தாளைக் கவிழ்த்துத் தேய்த்தாள். உரித்தபோது நீட்டிய கை வலது கையாகியிருந்தது. ஆனால் படம் ஆவிபோல வெளுத்திருந்தது.

"மைய மொதத் தாளே குடிச்சிருச்சு. குடிக்காதது ஏதாச்சும் வேணும் தனம்," என்றாள் லத்தீஃபா.

தனம் சன்னல் வழியே கீழே பார்த்தாள். கடைக்குப் பின்னால் வாழை நின்றது.

"தண்ணியே ஒட்டாத இலை, மையையா குடிக்கும்?" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கி ஓடினாள். இலையைத் துடைத்து, கிழியாமல் வளைய அனலில் லேசாக வாட்டினாள். அச்சில் மை தடவி முதலில் இலையில் பதித்தாள். அந்த இலையை அப்படியே தாளின்மேல் கவிழ்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அகப்பையால் தேய்த்தாள்.

கருகருவென்று இறங்கியது படம். வலது கை, வெற்றிலை, இடது தோளில் முந்தானை.

"அடி ஆத்தே!" என்றாள் இராஜம்மா. அடுத்த இலையை வாட்ட அவளே உட்கார்ந்துவிட்டாள். ஆறு பேருமாக அச்சடித்து, பேனாவால் எழுதி, முப்பது பத்திரிகை முடித்தார்கள்.

மாரியாயி வந்தாள். ஒரு பத்திரிகையை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அதென்ன குறுக்கால மெல்லிசு மெல்லிசா கோடு?"

"வாழை நரம்பு அத்தை. நம்ம கல்யாணச் சாப்பாடு மட்டுமில்ல, பத்திரிகையும் இலையிலதான்."

மாரியாயி விரலால் அந்தக் கோடுகளைத் தடவினாள். பிறகு அந்தப் பெண்ணின் வலது கையில் விரலை நிறுத்தினாள்.

"மரியாதையாத்தான் கூப்பிடுறா," என்றாள் மாரியாயி. "இன்னொன்னு குடு, என் வீட்டுச் சுவத்துல ஒட்டணும். வைகாசி தேதியில மாத்தமில்ல."

அவள் படியிறங்கிய பிறகு லத்தீஃபா கண்ணாடியை எடுத்துத் தனத்தின் மடியில் வைத்தாள். தனம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள், வலது கையால்.

நீங்களும் நல்லா இருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் குறித்த நாள் தள்ளாமல் நடக்கட்டும். வாசலுக்கு வருகிறவர்களை நீட்டிய வலது கை வரவேற்கட்டும். விரித்த இலை எதுவும் வெறுமையாய்க் கிடக்காமல் இருக்கட்டும்.