பந்துக்கு மேலே ஒரு கீறல்

நகரி கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த கன்னையாவுக்கு எல்லைப் பிரிவினையில் ஒரே ஒரு வருத்தம்தான். 1960 ஏப்ரல் பிறந்தால் திருத்தணி ஆந்திராவை விட்டு மதராஸ் ராஜ்ஜியத்துக்குப் போய்விடும்; நகரி ஆந்திராவிலேயே இருக்கும். அதற்குள் திருத்தணிக்காரன் ஏழுமலை வீசும் பந்தை ஒரு தடவையாவது அடித்தாக வேண்டும். இதுவரை ஆடிய கிரிக்கெட் மேட்சிலெல்லாம் அவனிடம் முட்டை வாங்கியே திரும்பியிருந்தார். அவன் வேற்று ராஜ்ஜியக்காரனான பிறகு அடித்து யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வது?

அந்தச் சமயத்தில்தான், காலியான அமெரிக்கப் பாதிரியார் பங்களாவிலிருந்து பழைய கண்ணாடி நெகடிவ்கள் ஒரு பெட்டி நிறைய வந்து சேர்ந்தன. ஒன்றைப் பிரிண்ட் போட்டார். ஐம்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க பேஸ்பால் வீரன் ஒருவன் உருண்டை மட்டையோடு நின்றான். பிடித்த இரண்டு கைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. பந்து அவன் மார்புக்கு நேரே அந்தரத்தில் இருந்தது. முகத்தில் துளி அவசரம் இல்லை.

"பந்து நெஞ்சாண்ட வர்ற வரைக்கும் அசையாம நிக்கறான் பாரு. அதான் வித்தை," என்றார் மனைவி சுலோசனாவிடம்.

"பந்துக்கு மேல ஒரு கோடு போவுதே, அது இன்னா?"

"கீறல். பழைய கண்ணாடியாச்சே."

கீறலைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பென்சிலால் நெகடிவில் அதை மறைத்து, புதுப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டி, தினமும் எதிரில் நின்று பழகினார்.

கடைசி மேட்ச் வந்தது. நாலு விரல் இடைவெளி விட்டு மட்டையைப் பிடித்து, மார்பளவில் பார்வையை நிறுத்திச் சிலையாக நின்றார் கன்னையா. ஏழுமலை வீசினான். பந்து எங்கேயும் நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே போய் ஸ்டம்பைப் பெயர்த்தது. அப்போதும் அவர் அசையவில்லை.

"இன்னும் யாருக்காகண்ணே நின்னுக்கினு கீறீங்க?" என்றான் ஏழுமலை. மைதானமே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆத்திரத்தோடு இன்னொரு நெகடிவைப் பிரிண்ட் போட்டார். அதே ஆள், வேறு போஸ். அதே கீறல், இதிலும் பந்தின் உச்சியில் வந்து முடிந்தது. சுலோசனா படத்தின் மேல்பக்கம் விரலை வைத்தாள்.

"இங்க ஆணி கீது பாருங்க. நூல்ல கட்டித் தொங்கவுட்ட பந்துக்கு எதுக்கு அவசரப்படணும்?"

கன்னையா எழுந்து, ஒரு பந்தையும் நூலையும் எடுத்துக்கொண்டு, ஸ்டூலை உத்தரத்துக்கு அடியில் இழுத்துப் போட்டார்.

திருத்தணி மதராசோடு போன பிறகு ஒரு நாள், பஸ்ஸில் நகரிக்கு வந்த ஏழுமலை ஸ்டுடியோ ஷோகேஸின் எதிரில் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே பெரிய படம். மட்டையை ஓங்கிய கன்னையா, மார்புக்கு நேரே பந்து. 'ஏழுமலை பந்தை அடிக்கும் கன்னையா' என்று கீழே எழுதியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"இது எப்பண்ணே?"

"நீ ஆந்திராவுல இருந்தப்ப," என்றார் கன்னையா, பென்சிலைச் சீவிக்கொண்டே.