பதினெட்டு சதவீதம்

அப்பா போனில் பேசியது அடுத்த அறையிலிருந்த பெரியவனுக்குத் தெளிவாகக் கேட்டது. "ஜாய்ஸ்டிக் நடுங்குது மாப்பிள்ளை. நாலு மணிக்கு வந்து ஒரு பார்வை பாக்குறீங்களா?"

பெரியவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தவனே அவன்தான். பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் பாஸ்வேர்டு மறந்தாலும், அப்பா இருந்த இடத்திலிருந்து "பெரியவனே" என்று ஒரு குரல் கொடுப்பார். தங்கைக்குக் கல்யாணமாகி ஐந்தே மாதம். அதற்குள் அந்தக் குரல் லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அப்பா. இப்போது சாயங்காலமானால் ஜாய்ஸ்டிக் குச்சியைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் விளையாட்டில் விமானம் ஓட்டுவார். ஒரு வாரமாக அவர் கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் விமானம் குளிர்க்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கியது.

மணி இரண்டரை. அப்பா கண்ணயர்ந்திருந்தார். பெரியவனுக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் ஆகாது. அலுவலகத்தில் செட்டிங்ஸை மாற்றியே காலம் தள்ளுகிறவன். விளையாட்டின் செட்டிங்ஸில் இழுத்து நகர்த்தும் கோடு ஒன்று இருந்தது. குச்சி நடுவில் லேசாக அசைந்தால் எவ்வளவு தூரம்வரை கண்டுகொள்ளாமல் விடலாம் என்று அதில் சொல்லலாம். பத்து சதவீதம் வைத்தான், நடுங்கியது. பதினைந்தில் கொஞ்சம் முனகியது. பதினெட்டில் விமானம் ஆணியடித்தாற்போல நின்றது.

அப்பா எழுந்துவந்து உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். 'நான்தான் சரி பண்ணேன்' என்ற வார்த்தை அவன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவர் முகம் சுளித்தார்.

"ஆடல. ஆனா குச்சியில உயிரே இல்லையேடா. நான் ஒரு நூல் தள்ளினா அதுவும் ஒரு நூல் போகணும்."

பெரியவன் வார்த்தையை விழுங்கிக்கொண்டான். கோட்டைப் பதினெட்டிலிருந்து நகர்த்தவுமில்லை.

நாலு மணிக்கு மாப்பிள்ளை தங்கையோடு வந்தார். ஜாய்ஸ்டிக்கின் அடித்தட்டுத் திருகுகளைக் கழற்றி, குச்சியின் அசைவை அளக்கும் இரண்டு சின்ன உருளைகளில் படிந்த தூசியை ஸ்பிரே அடித்துத் துடைத்தார். அப்பா ஓட்டிப் பார்த்தார். அதே மரக்கட்டைதான். மறுபடியும் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். ஒன்றும் மாறவில்லை. கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவனுக்குக் கையிலிருந்த டீ அன்றைக்கு ஏனோ கூடுதலாக இனித்தது.

"லிப்டுன்னா மேல, கீழ, ரெண்டே வழி. இது நாலு பக்கமும் போகுதே மாப்பிள்ளை" என்றான்.

தங்கை முறைத்தாள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே திருகுகளை இறுக்கினார்.

அப்பாதான் ஒயரைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தார். "விடுங்க மாப்பிள்ளை. குச்சி மேல குத்தமில்ல. என் கைதான் மரத்துப்போச்சுபோல." விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார்.

பெரியவன் எதிர்பார்க்காத அடி அது. மருமகன் தோற்க வேண்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தானே தவிர, அப்பாவின் கை தோற்பதற்காக அல்ல.

"திரும்பச் சொருகுங்கப்பா. ஒரு நிமிஷம் செட்டிங்ஸ் பாத்துடறேன்" என்று குறுக்கே புகுந்து, பதினெட்டைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டான்.

அப்பா குச்சியை ஒரு நூல் தள்ளினார். விமானம் ஒரு நூல் சாய்ந்தது. நடுக்கம் துளியும் இல்லை. அவர் முகம் மலர்ந்துபோனது.

"மாப்பிள்ளை கை பட்டா பட்டதுதான்" என்றார். தங்கை அண்ணனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். செட்டிங்ஸ் பார்த்தவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கிளம்பும்போது தங்கை முன்னால் இறங்கிப் போக, மாப்பிள்ளை வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"எவ்ளோ வச்சிருந்தீங்க மச்சான்?"

பெரியவன் காது சூடேறியது. "பதினெட்டு."

"முதல் தடவை துடைச்சப்பவே சரியாயிருக்கணும்னு தெரியும்."

"அப்புறம் ஏன் ரெண்டாவது தடவை கழட்டினீங்க?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

காட்டிக்கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கெட்டிக்காரனாக இருப்பது போதாதென்று நல்லவனாகவும் இருந்து தொலைத்தால் ஒரு மனிதன் என்னதான் செய்வது?

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பெரியவனே, மாப்பிள்ளை போயிட்டாரா? அவரையும் ஒரு தடவை வந்து ஓட்டிப் பாக்கச் சொல்லேன்."

மாப்பிள்ளை இன்னும் இரண்டாவது செருப்பை மாட்டி முடிக்கவில்லை.

"போயிட்டாருப்பா" என்றான் பெரியவன்.