தண்ணீர்த் தொட்டியில் மிச்ச இடம்

காலை ஆறு பதினேழு. முப்பத்தோராம் எண் பள்ளிப் பேருந்து மில் தெரு முனையில் நின்று கதவைத் திறந்தது. வெண்டல் டார்ப்லி ஏறினார்.

லவோன் காஸ்கின்ஸ் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே ஓர் ஆரஞ்சு மேல்சட்டையை நீட்டினாள்.

"இது எதுக்கு மேடம்?"

"என் உதவியாளுக்குக் காய்ச்சலாம். திங்கக்கிழமை ஜெயிச்சதிலேர்ந்து ஊர்ல பாதிப் பேருக்குக் காய்ச்சல்தான். வெளி ஆளை இதுல ஏத்தக் கூடாது. உங்ககிட்ட ஸ்கூல் பஸ் லைசென்ஸ் இருக்காமே?"

இருந்தது. சின்னப் பள்ளிகளில் பயிற்சியாளராக இருந்த பதினோரு வருடமும் பையன்களை ஆட்டத்துக்கு அவரேதான் ஓட்டிப் போனார். தோற்றால் திரும்பி ஓட்டி வந்ததும் அவரே. சட்டையை மாட்டினார். வயிற்றருகே பொத்தான் சேரவில்லை.

"பசங்க ஏறுறப்போ தலையை எண்ணுங்க. யாரையும் நிக்க விடாதீங்க. நடுவுல பேசலாம்."

டார்ப்லியின் பயிற்சியில் டாலிவர் கல்லூரி, பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் தேசியக் கோப்பையை வென்று நான்கு நாள் ஆகியிருந்தது. தொண்ணூற்று நான்கு வருடத்தில் முதல் முறை. அதன் பிறகு ஊர் தூங்கவில்லை. தேவாலய மணி கண்ட நேரத்தில் அடித்தது. அடித்தது போதகரே என்று பேச்சு. நீதிபதி ஒருவர் கல்லூரியின் மஞ்சள் தலைக்கவசத்தோடு தீர்ப்புச் சொன்னார். நேற்று பெயிண்டர் ராய்ஸ் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து கத்தினான்.

"கோச்! ஜெயிச்ச வருஷத்தை எழுதிட்டேன்! கீழ இன்னும் எத்தனை வருஷத்துக்கு இடம் விடணும்?"

டார்ப்லி சிரித்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார். ராய்ஸ் விரல்களை எண்ணிக்கொண்டான். ஐந்து.

இன்று காலை தொட்டியில் ஐந்து காலிக் கட்டங்கள். ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது.

வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும் ஆட்டக்காரர்கள் இன்றைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். குவின்சி காஸ்கின்ஸ் இன்னும் வாய் திறக்கவில்லை. பந்தை எறிபவன் அவன். கோப்பையை வென்ற கடைசி எறி அவனுடையது. அவனைக் கேட்டால் அம்மாவைக் கேளுங்கள் என்றான். அம்மா லவோனுக்கோ பேருந்து ஓட்டும் நேரம்தான் ஒழிந்த நேரம்.

இன்னொன்றும் இருந்தது. அதை டார்ப்லி யாரிடமும் சொல்லவில்லை. டெக்சாஸிலிருந்து பெரிய கல்லூரி ஒன்று அவரையே கூப்பிட்டிருந்தது. மதியத்துக்குள் பதில் வேண்டுமாம். அவர் தனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். பையன் இருந்தால் நானும் இருப்பேன். போனால் போவேன்.

முதல் நிறுத்தத்தில் ஒன்பது பேர் ஏறினார்கள். ஒன்பதும் மஞ்சள் தொப்பி.

"கோச்சு! கோச்சு நம்ம பஸ்ஸுல!"

"உட்காருங்க. நீயும்தான். கையில இருக்குற அந்தப் பல்லை வாயில போட்டுக்கோ, கீழ விழுந்துடப் போவுது," என்றார் டார்ப்லி.

"விழுந்த பல்லுதான் இது," என்றாள் டின்ஸ்லி. முதல் வகுப்பு. பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க அப்பா பிளேன் பாக்குறாரு. எது எங்கேர்ந்து வருதுன்னு போன்ல காட்டுமாம். யாராவது கோச்சைத் தூக்கிட்டுப் போக வர்றாங்களான்னு. நேத்து ஒண்ணு வந்துச்சு. டெக்சாஸ்லேர்ந்து. வெள்ளை, வாலுல நீலக் கோடு."

"பல் டாக்டரா இருக்கும்," என்றார் டார்ப்லி.

"எங்க அப்பாதான் பல் டாக்டர்."

கண்ணாடியில் லவோன் அவரைப் பார்த்தாள். டார்ப்லி மறுபடி தலையை எண்ணத் தொடங்கினார். பத்து வந்தது, கடைசி இருக்கையருகே பாதி தெரிந்த ஒரு தொப்பியோடு சேர்த்து. இன்னொரு முறை எண்ணினார். பத்து.

"சரி, கோச்," என்றாள் லவோன். "குவின்சியைக் கேட்டு நாலு காலேஜ்லேர்ந்து எனக்குப் போன் பண்ணிட்டாங்க. அடுத்த வருஷம் ஒரு ஆட்டமும் தோக்க மாட்டாங்களாம். நாலு பேரும். அவங்க ஒருத்தரோட ஒருத்தர் மோத வேண்டியவங்க. நாலு பேரும் எப்படி ஜெயிப்பாங்கன்னு கேட்டேன், போனை வச்சுட்டாங்க. நீங்க எத்தனை தோப்பீங்க?"

மஞ்சள் தொப்பிகள் இருக்கைகளுக்கு மேல் எழும்பின.

டார்ப்லி பொய் சொல்ல வாய் திறந்தார். இருபது வருடமாக ஆட்டக்காரர்களின் அம்மாக்கள் வீட்டுச் சோபாக்களில் உட்கார்ந்து சொன்ன வாசகம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் பொத்தான் சேராத சட்டையில், ஆடும் வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"மூணு," என்றார். "நாலு கூட ஆகலாம்."

"ஊ!" என்றது பேருந்து. ஒரு தொப்பி பறந்து வந்து அவர் காதில் பட்டது.

"இருங்கடா! பூன் போயிட்டான். இனி குவின்சி கையில பந்தைக் குடுக்குறவனே இல்ல. பின்னாடி தடுக்குறவங்க ரெண்டு பேர் போயாச்சு. ஆட்டம் சொல்லிக் குடுத்த உதவி கோச்சை வேற காலேஜ் கொத்திட்டுப் போயிடுச்சு. இந்த வருஷம் நம்மள யாரும் கண்டுக்கல. அடுத்த வருஷம் ஒவ்வொருத்தனும் நம்ம படத்தைச் சுவத்துல ஒட்டி வச்சுக் குத்திட்டு வருவான்." மூச்சு வாங்கினார். "ஜெயிக்கிறது ஒரு தடவை நடந்துடும், மேடம். திரும்ப நடத்தறதுதான் வேலை. மூணு தோத்தாலும் கடைசி வரைக்கும் சண்டையில இருப்போம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

லவோனின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுதான்," என்றது ஒரு குரல், கடைசி இருக்கையின் அடியிலிருந்து.

முதலில் முட்டி தெரிந்தது. பிறகு இன்னொரு முட்டி. ஆறடி நாலங்குலம் மடிப்பு மடிப்பாக விரிந்து எழுந்து, கூரையில் தலையை இடித்துக்கொண்டது. பிள்ளைகள் அலறினார்கள். பத்தாவது தலை. குவின்சி.

"காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றாள் லவோன்.

"போயிடுச்சு, மா."

"காலேஜ் லீவு விட்டா இவன்தான் என் உதவியாள்," என்றாள் அவள் கண்ணாடிக்கு. "நீங்க என்ன சொல்றீங்கன்னு ஒளிஞ்சு கேக்கணும்னான். குழந்தை பாருங்க."

"ரெண்டா?" டார்ப்லி இருக்கை இருக்கையாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். "யாரை வச்சுடா ரெண்டு? பந்தை யார் குடுப்பா?"

"ஹோல்காம்ப் குடுப்பான்."

"ஹோல்காம்ப் இடது கை!"

"நானும் இடது கைதான், கோச். மூணு வருஷமா பாக்கலையா?"

பேருந்து வெடித்தது. டின்ஸ்லி சிரித்த சிரிப்பில் கைக்குட்டை முடிச்சு அவிழ்ந்து பல்லைத் தொலைத்தாள். பயிற்சியாளரும் பந்து எறிபவனும் மண்டியிட்டுத் தேடினார்கள். தேடிக்கொண்டே ஹோல்காம்ப்பைப் பற்றிச் சண்டை போட்டார்கள். இருக்கைக்கு அடியில், டார்ப்லியின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, குவின்சி சொன்னான்:

"நான் எங்கயும் போகல, கோச். பல்லு உங்க கால்கிட்ட இருக்கு."

டார்ப்லி பல்லை எடுத்து உயர்த்திப் பிடித்தார். திங்கள் இரவு கோப்பைக்குக் கிடைத்த கூச்சல் அந்தப் பல்லுக்கும் கிடைத்தது. அவருக்குத் தொட்டியின் ஐந்து கட்டமும் நிறையும் போலிருந்தது.

பேருந்து நின்றது. ரயில் தண்டவாளம். பள்ளிப் பேருந்து அங்கே நின்று, கதவைத் திறந்து, ரயில் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். லவோன் கையை உயர்த்தினாள். அத்தனை வாயும் மூடிக்கொண்டது. குளிர்காற்று உள்ளே வந்தது. ரயில் சத்தம் இல்லை.

டார்ப்லியின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"டெக்சாஸ்," என்று ரகசியமாகச் சொன்னாள் டின்ஸ்லி.

வண்டி நகரவில்லை. லவோன் கதவை மூடவில்லை. முதல் முறையாக இருக்கையில் முழுதாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அவன் இருக்கான், கோச். நீங்க?"