ஷிகெனோவின் நற்சான்று

போரின்போது தெற்குத் தீவொன்றில் ஜப்பானியத் தளபதி ஹிராசேயின் படையினர் கைதிகளைக் கொன்றிருந்தார்கள். தனக்குத் தெரியாமல் நடந்தது என்பதே போர் முடிந்தபின் யோகோஹாமா போர்க்குற்ற நீதிமன்றத்தில் அவருடைய ஒரே வாதம்.

அவருக்காகச் சாட்சி சொல்லப் பக்கத்து வீட்டு ஷிகெனோவை அழைத்துப் போனாள் அவர் மனைவி கிகுயோ. அரிசிக்கு விற்காமல் மிச்சம் வைத்திருந்த பட்டுக் கிமோனோவில் ஷிகெனோ கல்யாணத்துக்குப் போவதுபோலக் கிளம்பினாள்.

"நல்லவருன்னு மட்டும் சொன்னா போதும்க்கா" என்று வாசலிலேயே கெஞ்சினாள் கிகுயோ.

சாட்சிக் கூண்டில் ஏறிய ஷிகெனோவுக்கு அது போதவில்லை.

"சாதாரண சிப்பாயா சேந்து தளபதியானவருங்க! லீவுல வந்தா, ஊறுகாய்ப் பானைல ஒரு முள்ளங்கி குறைஞ்சாலும் கண்டுபிடிச்சிடுவாரு. அவருக்குத் தெரியாம அவர் படைல ஒரு பூட்ஸ்கூடத் தொலையாது!"

அரசுத் தரப்பு வக்கீல் தனக்குக் கேட்க ஒன்றுமில்லை என்றார். குற்றவாளிக் கூண்டில் ஹிராசே கண்களை மூடிக்கொண்டார். அப்போதுதான் ஷிகெனோவுக்கு உறைத்தது.

திரும்பும் ரயிலில், "நான் சொன்னதுல பொய் ஏதாவது இருக்காடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லக்கா. கல்யாணமான நாள்லேருந்து எனக்கும் அது தெரியும்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஷிகெனோவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.