மூன்று தட்டு மௌனம்

காலையில் தேநீர் உள்ளே இறங்கினால்தான் கீபோர்டுக்காரருக்கு நாட்டு நடப்பு வெளியே வரும்.

"இப்ப வர்ற பாட்டுல மூச்சு விட இடமே இல்லம்மா. கட்சிக்காரன் பேச்சும் அப்படித்தான், போன்ல ஓடுற வீடியோவும் அப்படித்தான். நிறுத்தினா நாம யோசிச்சிடுவோம்னு பயம்" என்பார் மனைவியிடம்.

"நீங்க முதல்ல கேஸ் சிலிண்டர் புக் பண்ண யோசிங்க" என்பாள் அவள்.

கல்யாண மண்டபங்களில் வாசித்துப் பிழைத்தவர். சொந்தமாகப் போட்ட மெட்டு ஒன்றே ஒன்று, அதுவும் அவளுக்காக. ஒவ்வோர் அடி முடிந்ததும் மூன்று தட்டு நேரம் எதுவும் ஒலிக்காது. "அந்த இடம் உன்னோடது. என்ன வேணா நினைச்சுக்கோ" என்று சொல்லியிருந்தார்.

நுரையீரல் கெட்டு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தேர்தல் வந்தது. மாற்றுத்துணி எடுக்க வந்தவள் தெருமுனையில் அந்த மெட்டைக் கேட்டு நின்றுவிட்டாள். சீப்புச் சின்னத்தில் போட்டியிட்ட கொழுந்தனின் பிரசார வேன். மெட்டுக்கு வார்த்தை போட்டிருந்தார்கள். அது நிற்கும் இடத்தில் வேன்காரன் மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டினான். "சீப்புக்கே ஓட்டு!" என்று கத்தினார்கள். உரக்கக் கத்தியவர்களுக்கு ஒரு சீப்பு இலவசம்.

"அண்ணன் பாட்டுதானே அண்ணி, வெளியாளோடதா?" என்றான் கொழுந்தன்.

அவள் அதைக் கணவரிடம் சொல்லவே இல்லை. அவர் போய்ச் சேர்ந்த வாரம் அவன் ஜெயித்தான்.

இரங்கல் கூட்டத்துக்கு மண்டபம் பிடித்துக் கொடுத்தவனும் அவனே. அவர் வாசித்துப் போனில் பதிந்து வைத்திருந்த மெட்டை, வார்த்தை இல்லாமல், எல்லோரும் ஒரு தடவை கேட்க வேண்டும். அது மறுபடி அவருடையதாகிவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"இன்னிக்கு அது வேணாம் அண்ணி. சரியா வராது."

"ஏன், வெக்கமா இருக்கா?"

அவன் போய் உட்கார்ந்துகொண்டான். அவள் மகள் போனை ஒலிபெருக்கியில் இணைத்தாள்.

கூட்டம் தலை குனிந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர், ஆஸ்பத்திரிக்கு அவளோடு ஓயாமல் அலைந்தவர், முன்வரிசையில் தேம்பிக்கொண்டிருந்தார். முதல் அடி முடிந்தது. ஒரு தட்டு.

"சீப்புக்கே ஓட்டு!"

தையல்காரர்தான். அழுத தொண்டையோடு, மார் நிறையக் கத்திவிட்டார். கத்திய பிறகுதான் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அம்மா, நிறுத்திடவா?"

"வேணாம். இனிமே கத்தமாட்டாங்க."

அடுத்த நிறுத்தத்தில் பாதி மண்டபம் கத்தியது. இரண்டு மூன்று பேர் கையைக்கூடத் தூக்கினார்கள். கொழுந்தன் சட்டென்று எழுந்து, நாலா பக்கமும் திரும்பிக் கும்பிட்டான். பழக்கம். மாலை போட்டிருந்த படத்தின் பக்கமும் அந்தக் கும்பிடு போய்விட்டுத் திரும்பியது.

"நான்தான் சொன்னேனே அண்ணி" என்றான், உட்காரும்போது.

வீட்டுக்கு வந்து அவருடைய டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தபோது மெட்டு தானாக அவள் உதட்டுக்கு வந்தது. அடி முடிந்தது. அந்த இடத்தில் எத்தனையோ வருடமாக அவர் முகத்தைத்தான் நினைத்துக்கொள்வாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

முகம் வரவில்லை. சீப்பு வந்தது.