ஆல்போன்ஸின் கனம்

ஆல்போன்ஸ் உட்கார்ந்தால் நாற்காலியின் கால்கள் தரைக்குள் இறங்கும். ஆளென்னவோ முருங்கைக்காய்தான். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவருக்குக் கொஞ்சம் கனம் இருக்கத்தானே செய்யும் என்று காரைக்காலில் விட்டுவிட்டார்கள்.

எல்லாம் ஊர்க் குப்பைமேட்டை ஒட்டி அவர் மலிவாக வாங்கிய தோட்டத்தால் வந்தது. மழைக்காலத்தில் பழைய பேட்டரியும் பெயின்ட் டப்பாவும் ஊறிய கறுப்புத் தண்ணீர் மேட்டிலிருந்து இறங்கி அங்கேதான் நிற்கும். "எருவே வாங்க வேணாம், ஊரே போட்டுடுது" என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். கீரை மண்டி வளர்ந்தது. முதல் வருடம் ஒரு கீரைக்கட்டைத் தூக்க ஒரு கை போதும். மூன்றாம் வருடம் இரண்டு ஆள் வேண்டியிருந்தது. காற்றடித்தால் பாத்தி முழுக்கக் கரண்டிகள் உரசும் சத்தம். வேளாண்மை படித்த பக்கத்து வீட்டு சுகிர்தா மண்ணைச் சோதித்துவிட்டு, "ஈயமும் காட்மியமும் ஏறிக் கெடக்கு, சாப்பிடாதீங்க அங்கிள்" என்றாள். "பிரெஞ்சு ராணுவத்துல டப்பாக் கறி தின்ன ஒடம்பும்மா இது" என்றார் ஆல்போன்ஸ். மனைவி ஆன்தோனெத் கடைக்கீரை வாங்கித் தனியாகச் சமைத்துக்கொண்டாள். இவர் வீம்புக்கே இரண்டு வேளையும் தின்றார். ஈறு நீலமானது, ஏறிய ஆட்டோவின் டயர் வெடித்தது. மகளின் பிரசவத்துக்காகப் பாரிசுக்குக் கிளம்பியபோது விமான நிலையத்தில் அவரையே அதிகச் சுமை என்று திருப்பி அனுப்பினார்கள். ஊருக்கு வந்து விமானம் ரத்து என்று சொல்லிக்கொண்டார்.

அவர் போக முடியாததால் மகள் மாரிலின் நிறைமாதத்துக்கு முன்பே பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தாள். "போன்ல அவ்ளோ பீத்திக்கிட்டீங்களே, எங்க உங்க கீரை?" என்று அப்பாவின் தட்டை இழுத்தாள். ஆல்போன்ஸின் வாயில் பெருமைதான் முதலில் வந்தது. அதை விழுங்கினார், தின்ற எதையும்விட அதுதான் கனமாக இருந்தது.

"தொடாதம்மா. அது வெசம்."

"அப்ப நீங்க ஏன் திங்கிறீங்க?"

"வாய விட்டுட்டேன். அப்பறம் எப்படி நிறுத்துறது?"

ஆன்தோனெத் சிரித்துப் புரையேறி, கடைசியில் அழுதாள். மறுநாளே தோட்டத்துக்கு முள்வேலி போட்டார்கள். குழந்தையைத் தராசில் வைத்தபோது ஆல்போன்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று கிலோதான் என்று நர்ஸ் சொன்ன பிறகே திறந்தார்.

அவருடைய எடை மட்டும் இறங்கவில்லை. காரைக்கால்மேட்டு மீனவர் செந்தில்குமார், தன் படகின் நங்கூரம் தொலைந்த அன்று, "ஐயா, சும்மாதானே இருக்கீங்க, செத்த வாங்களேன்" என்று ஆல்போன்ஸைக் கூப்பிட்டார். அதிலிருந்து புயல் எச்சரிக்கை வந்தால் அரசலாற்று முகத்துவாரத்தில் ஆல்போன்ஸ், இடுப்பில் படகுக் கயிறுகளோடு, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார். படகுகள் அசைவதில்லை.