ஏரியைப் பார்க்க நடந்த வீடு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தோர்வால்ட் ஊரின் நாலாம் தெருவில் இருந்த நீல வீடு, மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உள்ளே நால்வர் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கியது. வேகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மேய்கிற பசு நகர்வதுபோல நகர்ந்தது. பிடுங்கிய பல்லின் குழியைப்போல அஸ்திவாரத்தை மட்டும் பின்னால் விட்டுவிட்டு, மதியத்துக்குள் தன் புல்வெளியைக் கடந்து பக்கத்து வீட்டு வேலியோரம் போய் இளைப்பாறியது. மினசோட்டாக்காரர்கள் எதற்கும் அத்தனை சுலபத்தில் வாயைப் பிளக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் இரும்புச் சாமான் கடைக்காரர் லைல், தன் தக்காளி நாற்றுகளை அள்ளிக்கொண்டு வழிவிட்டார். "இன்னைக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார். காற்று அன்று இலைகூட அசையாமல் இருந்தது.

பகல்நேரப் பணியாளர் கெபே, லைபீரியாவிலிருந்து வந்து பல வருடங்களாக அந்த வீட்டில் வேலை பார்ப்பவள், நிர்வாகி மார்லிஸ் ஹாகனுக்குப் போன் செய்தாள்.

"மார்லிஸ், வீடு போயிட்டிருக்கு."

"போயிட்டிருக்குன்னா? தீப்பிடிச்சிருக்கா?"

"இல்ல, நடக்குது. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. ஆரின் கை தட்டுறாரு."

"காலை மருந்து குடுத்தாச்சா?"

"எட்டு மணிக்கே குடுத்தாச்சு."

"சரி, நான் வர்றேன்."

மார்லிஸை யாரும் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. மாற்றுத்திறனாளிகளை ஊருக்கு வெளியே பெரிய கட்டடங்களில் அடைக்காமல், ஊருக்குள்ளேயே சாதாரண வீட்டில் மற்றவர்களைப்போல வாழவைக்கும் தொழில் அவளுடையது. அந்தத் தொழிலில் மருந்து நேரம் தவறினால் எழுத வேண்டும், குழாய்த் தண்ணீர் அதிகம் சுட்டால் எழுத வேண்டும், ஒருவர் தடுக்கி விழுந்தால் எழுத வேண்டும். விதிகள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால்தான் காரை ஓட்டிவரும்போதே அவள் உரிமத்தை நினைத்துவிட்டாள். இப்படி ஒரு வீட்டை நடத்த மாநில அரசு கொடுக்கும் உரிமம் முகவரிக்கு உரியது. நாலாம் தெரு முகவரியில் வீடு இல்லையென்றால் உரிமம் இல்லை, உரிமம் இல்லையென்றால் அந்த நால்வருக்கும் எந்த ஊரில் கட்டில் காலியாக இருக்கிறதோ அங்கே போகவேண்டியதுதான். நால்வரில் வெர்னாவுக்கு ஒரு ஊர், ஆரினுக்கு ஒரு ஊர் என்றாகிவிடும். ஆரின் வாய்திறந்து பேசுவதில்லை. அவன் என்ன சொல்கிறான் என்பது வெர்னாவுக்கு மட்டும்தான் முழுக்கப் புரியும். இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டு நரைத்தவர்கள்.

வீடு ஏன் நடந்தது என்பது ஊருக்குச் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, வரும் வருடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டதை இலக்காக எழுதி, அதை நோக்கி முன்னேறியதைக் காட்டவும் வேண்டும். வெர்னா சிறுவயதில் ஒரு பெரிய காப்பகத்தில் வளர்ந்தவள். அங்கே ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தன. விட்டத்தில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் பொழுது விடிந்ததென்று தெரிந்துகொள்வாள். அந்த ஏப்ரலில் அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "காலையில கண்ணு முழிச்சதும் ஏரி தெரியணும்" என்றாள். ஸ்வான்பெர்க் ஏரி ஊருக்கு மேற்கே, நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்யும் காரியத்தை மார்லிஸும் செய்தாள். எட்டாத ஆசையை எழுதிவைத்துவிட்டு அடுத்த வருடம் யார் பதில் சொல்வது? அதனால் அளக்க முடிகிற அளவுக்கு ஆசையை நறுக்கினாள். 'வெர்னா, பணியாளர் நினைவூட்டினால், வாரத்தில் இருமுறை ஏரியின் படத்தைப் பார்ப்பாள். பத்துக்கு எட்டுத் தடவை வெற்றி' என்று எழுதி வாசித்துக் காட்டினாள்.

"நான் அதையா சொன்னேன்?" என்றாள் வெர்னா.

"கிட்டத்தட்ட அதுதானே" என்றாள் மார்லிஸ்.

வெர்னா காப்பியை மறுபடி எடுத்துக் குடித்தாள். மார்லிஸ் சரியாகக் கேட்காவிட்டாலும் வீடு கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று பிறகு லைல் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

வீடு நடக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே லைல் ஒரு கப்பல் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டைப் பக்கத்திலிருந்த ஓக் மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்பது அவர் கணக்கு. உரிமத்தைக் காப்பாற்ற மார்லிஸுக்கும் அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது. சங்கிலியைப் பிடித்து இழுக்க அவளும் கை கொடுத்தாள். பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

"லைல், உள்ள ஆள் இருக்காங்க."

"இருக்கட்டுமே. அவங்களையா கட்டறேன், வீட்டைத்தானே?"

"போக நினைக்கிறவங்க உள்ள இருக்கும்போது வெளியில கட்டினா அது அவங்களைக் கட்டிவைக்கிறதுதான். எங்க தொழில்ல அது கூடாது. டாக்டர் எழுதித்தரணும், அவங்க சம்மதிக்கணும், வேற எல்லா வழியும் பாத்துட்டேன்னு நான் கையெழுத்துப் போடணும்."

"அப்ப என்ன, போனாப் போகட்டும்னு விடறதா?"

மார்லிஸ் ஜன்னலைப் பார்த்தாள். வெர்னா முழங்கையை ஊன்றிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மார்லிஸ் இத்தனை வருடத்தில் கண்டதில்லை. "கூடவே நடந்து போறதுதான்" என்றாள். தன் வாயிலிருந்தா அந்த வார்த்தை வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். அன்று முழுக்க ஒரு குதூகலம் அவளை விடவே இல்லை. உரிமம் போய்விடும் என்கிற பயமும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அந்தக் கோடையைத் தோர்வால்ட் மறக்காது. வேலைக்கு வருகிறவர்கள் முதலில் தெருமுனைக் காப்பிக் கடையில் வீடு இன்று எங்கே என்று விசாரித்துவிட்டு வந்தார்கள். மின்சாரக் கம்பெனிக்காரர்கள் முன்னால் போய்க் கம்பிகளை உயர்த்தினார்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் வெளியே நீட்டிய நாக்குபோல வீட்டின் பின்னால் இழுபட்டு வந்தது. மாதாமாதம் தீ ஒத்திகை நடத்த வேண்டும், எல்லோரும் வெளியேறித் தபால்பெட்டியருகே கூட வேண்டும் என்பது விதி. வீடு தபால்பெட்டியை விட்டு வந்துவிட்டதால் மார்லிஸ் அதை ஒரு கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். ஒத்திகை மணி அடித்ததும் நால்வரும் நடக்கிற வீட்டிலிருந்து இறங்கி, நகர்கிற தபால்பெட்டியின் பக்கத்தில் நின்று, எண்ணி முடித்ததும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். ஆரின் இரண்டு தடவை இறங்கினான். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் வீடு தானாகவே தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது. வெர்னா ஜன்னலிலிருந்து மிட்டாய்களை வீசினாள். பணியாளருக்கு ஒத்தாசையாக ஊர்ப் பெண்கள் உருளைக்கிழங்கும் கறியும் போட்டு வேகவைத்த பண்டத்தைத் தட்டுகளில் கொண்டுவந்து சாய்தளத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். வீடு நெடுஞ்சாலையைக் கடந்த நாளில் லாரிகள் இருபுறமும் அடிவானம்வரை நின்றன. ஒரு டிரைவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. வீடு தாண்டிப் போகும்போது தொப்பியின் விளிம்பை மட்டும் தொட்டார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், மாநிலத்தின் ஆய்வாளர் ஹோதன் வார்சமி வந்து சேர்ந்தாள். மினியாபொலிஸில் வளர்ந்த சோமாலியப் பெண். வெயிலில் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வீட்டின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்து சாய்தளத்தில் ஏறினாள். மருந்து அலமாரியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். குழாயின் கீழே வெப்பமானியைப் பிடித்தாள். வீட்டுக்கு அடியில் அறுந்த குழாய்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் தண்ணீர் வந்தது, விதித்த சூட்டிலேயே வந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெர்னாவிடம் தனியாகப் பேசினாள். மார்லிஸ் தபால்பெட்டியைத் தள்ளியபடி வெளியே கூடவே நடந்தாள்.

"நாலு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள் ஹோதன், இறங்கி வந்து. "வீடு நடக்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல, நானும் தேடிப் பாத்துட்டேன். ஆனா உரிமம் முகவரிக்குத்தான் மார்லிஸ். செப்டம்பர் கடைசிவரைக்கும் தற்காலிகமாத் தர்றேன். அன்னைக்கு நான் வரும்போது வீடு ஒரு இடத்துல நின்னு, அஸ்திவாரம் போட்டிருக்கணும்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா நாலு பேருக்கும் நாலு இடம் பாப்பாங்க. அது என் கையில இல்ல."

செப்டம்பர் முடிய ஓரிரு நாட்களே இருக்கையில் வீடு ஸ்வான்பெர்க் ஏரிக்கரையில், லைல் குடும்பத்துக்குச் சொந்தமாய்ச் சும்மா கிடந்த மனையில் ஏறி நின்றது. மூச்சுவிட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது, பிறகு அசைவில்லை. லைல் மனையை வாடகைக்கு எழுதிக்கொடுத்தார். கான்கிரீட் லாரிக்குச் சொல்லியாயிற்று. மார்லிஸ் சமையலறை ஜன்னலில் நின்று ஏரியைப் பார்த்து அழுதாள். அழுதுமுடித்து வெர்னாவின் அறைக்குப் போனாள்.

"எப்படி இருக்கு வெர்னா?"

"நல்லாருக்கு" என்றாள் வெர்னா. "மோசமில்ல."

அந்த ஊர்க்காரர்கள் கால் முறிந்து கிடந்தாலும் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். மார்லிஸும் அந்த ஊர்க்காரிதானே. அவள் வெர்னாவின் கட்டிலில் படுத்துத் தலையணையில் தலையை வைத்துப் பார்த்தாள். ஜன்னலில் சாலையும் லைலின் பழைய படகுக் கொட்டகையின் முதுகும் தெரிந்தன.

"நிஜமாச் சொல்லு."

"கண்ணு முழிச்சதும் தெரியணும்னு சொன்னேன்" என்றாள் வெர்னா. "எழுந்து போய்ப் பாக்கறதுக்கு நாலாம் தெருவுலேர்ந்தே பஸ் இருக்கே."

ஏரியைப் பார்த்த அறை ஆரினுடையது. மாற்றிக்கொள்ளலாமே என்றார் லைல். ஒருவருடைய அறையை அவர் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாது என்பதும் விதி. ஆரினைக் கேட்டார்கள். அவன் கதவுநிலையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கான்கிரீட் லாரி வந்து பின்பக்கத்தைத் திருப்பியது. ஆய்வுக்கு முன்னால் ஒரே இரவுதான் இருந்தது.

"ஊத்தாதீங்க" என்றாள் மார்லிஸ்.

"இன்னைக்கு விட்டா நாளைக்கு வர முடியுமான்னு தெரியாதும்மா" என்றார் மேஸ்திரி. "சர்ச்சு வேலை இருக்கு. வீடு ஆடாம அசையாமத்தானே நிக்குது?"

"நிக்குது. ஆனா இன்னும் வந்து சேரல."

"ஆய்வுக்காரம்மா நாளைக்குக் காலையில வந்துடுவாங்க மார்லிஸ்" என்று கெபே அவள் முழங்கையைத் தொட்டாள். "வெர்னாவையும் ஆரினையும் பிரிச்சிடுவாங்க."

வாழ்நாள் முழுக்க விதியின் நிழலில் நின்று பழகியவள் மார்லிஸ். வெர்னாவின் ஆசையைக் கிட்டத்தட்ட என்று சொல்லி ஏற்கெனவே ஒருமுறை நறுக்கியாயிற்று, இன்னொரு முறை கான்கிரீட்டால் நறுக்க அவளால் முடியவில்லை. லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை ஊரே ஏரிக்கரையில் நின்றது. ஹோதன் காரை விட்டு இறங்கி, வீட்டையும் அதன் அடியிலிருந்த வெறும் மண்ணையும் பார்த்தாள். மார்லிஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. அறை, ஜன்னல், கொட்டகையின் முதுகு, திருப்பி அனுப்பிய லாரி எல்லாவற்றையும் சொன்னாள். ஹோதன் உள்ளே போய், வழக்கம்போலக் குழாயைத் திறந்து வெப்பமானியைப் பிடித்தாள். அப்போது சமையலறை ஜன்னலில் இருந்த ஏரி மெல்ல இடதுபக்கமாக நகர்ந்தது. முதலில் படகுத்துறை போயிற்று, பிறகு நாணல், பிறகு தண்ணீரே போய்ச் சாலை வந்தது. அலமாரியில் ஒரு கோப்பைகூட ஆடவில்லை. வெளியே ஆண்கள் தொப்பிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள், குழந்தைகள் வீட்டோடு சேர்ந்து சுற்றி ஓடினார்கள், கெபே முழங்காலில் உட்கார்ந்து சத்தமாகப் பாட ஆரம்பித்தாள். வீடு அரைவட்டம் திரும்பி, வெர்னாவின் ஜன்னலை ஏரிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆரினின் ஜன்னலில் சாலை வந்து நின்றது. மரம் ஏற்றிய ஒரு லாரி போயிற்று. பின்னால் இன்னொன்று வந்தது. அவன் கைதட்டல் ஏரிக்கு அந்தப்புறம்வரை கேட்டிருக்கும். அவனுக்கு லாரி என்றால் உயிர் என்பது வெர்னாவைத் தவிர யாருக்கும் அதுவரை தெரியாது.

"சூடு சரியா இருக்கு" என்று குழாயை மூடினாள் ஹோதன். "அஸ்திவாரம்?"

சர்ச்சுக்குப் போக வேண்டிய கான்கிரீட் மதியத்துக்குள் அங்கே வந்து சேர்ந்தது. பாதிரியாரே லாரியில் முன்னால் உட்கார்ந்து வந்தார். ஹோதன் சாய்தளத்தில் உட்கார்ந்து, அது கொட்டி மட்டமாகும்வரை காத்திருந்து, அன்றைய தேதியிலேயே புதிய முகவரிக்குக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் வெர்னா கண்விழித்ததும் அசையாமல் அப்படியே கிடந்தாள். எட்டு மணி மருந்தை எட்டே முக்கால்வரை கெபே கொண்டுபோகவில்லை. ஒரு மணி நேரம்வரை தாமதிக்க விதியில் இடமிருக்கிறது.

குளிர்காலம் போய்ப் பனி உருகியதும் மறுபடி ஏப்ரல் வந்தது. மார்லிஸ் வெர்னாவின் எதிரில் உட்கார்ந்து, இந்த வருடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். வெர்னா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"அக்கரையில ஒரு மஞ்சள் வீடு இருக்கு. அங்க யாரோ தினமும் துணி உலர்த்தறாங்க. அவங்களோட ஒரு காப்பி குடிக்கணும்."

மார்லிஸ் ஒரு எழுத்தையும் மாற்றாமல் எழுதினாள். எழுதிவிட்டு, ரோடு வழியாகக் காரில் போகலாமா என்று கேட்கத்தான் நினைத்தாள். அதற்குள் தரை லேசாக ஆடியது. வெளியே போய்ப் பார்த்தபோது கான்கிரீட்டில் நேர்கோடாக ஒரு வெடிப்பு விட்டிருந்தது, ஏரிப்பக்கச் சுவர் தண்ணீரில் கணுக்கால் அளவு நனைந்திருந்தது. அவள் முதலில் ஹோதனுக்குப் போன் செய்து, வீடு கிளம்பிவிட்டது என்று தகவல் கொடுத்தாள். பிறகு லைலின் கடைக்குப் போன் செய்து, தண்ணீரில் போகும்போது அணியும் மிதவைச் சட்டைகள் நால்வருக்கும், கெபேக்கும், தனக்கும் ஆளுக்கொன்று எடுத்துவைக்கச் சொன்னாள்.